செக்போஸ்ட் அக்காவும் ஆறு மூடிகளும்

சமுதாயக் கல்லூரியின் ஆய்வகத் தொழில்நுட்பப் பிரிவில், இரண்டாம் ஆண்டில், மொத்தம் பன்னிரண்டு பேர். அவர்களில் பதினொரு பேருக்கு இருபதுக்கு முன்பின் வயது. பன்னிரண்டாவது ஆளுக்கு நாற்பத்தொன்று. சேர்ந்த முதல் வாரத்தில் முன்வரிசைப் பெண் ஒருத்தி பிறந்தநாள் என்று எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தாள். எல்லோரும் உறையைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார்கள். அந்த நாற்பத்தொரு வயதுக்காரி மட்டும் உறையைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, எந்தத் தேதி வரைக்கும் தாங்கும் என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் தின்னாமல் பையில் போட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் அவளுக்கு "செக்போஸ்ட் அக்கா" என்று பெயர் விழுந்துவிட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் செய்தாள். ஆனால் யார் முதலில் வைத்தது என்பதை மூன்று நாள் விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டுத்தான் விட்டாள்.

அவளைக் குறை சொல்லி என்ன செய்வது? பிழைப்பு அப்படி. ஊரின் பெரிய கடை ஒன்றில், வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களுக்கான கவுண்ட்டரில் பதினொரு வருஷம் உட்கார்ந்தவள். அந்தக் கவுண்ட்டருக்கு வருகிற மனிதர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "வாங்கி வெச்சது வெச்சபடியே இருக்குங்க, திறக்கவே இல்ல." இவள் பெட்டியைத் திறப்பாள். திறக்காத செருப்பின் அடியில் ஜல்லிக்கல் சிக்கியிருக்கும். போட்டே பார்க்காத கால்சட்டையின் பையில் பஸ் டிக்கெட் இருக்கும். ஒருமுறை இஸ்திரிப் பெட்டி இருக்க வேண்டிய அட்டைப் பெட்டியில் ஒரு செங்கல், துணி சுற்றி, கைக்குழந்தையைப் படுக்க வைத்த மாதிரி பத்திரமாக இருந்தது. கொண்டு வந்தவர் கோட்டு சூட்டு போட்டவர். அன்றிலிருந்து கோட்டைக் கண்டால் அவளுக்குக் கூடுதலாக ஒரு கண் முளைத்துவிடும்.

வீட்டிலும் இதே கதைதான். வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறார். பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் வேனின் கிலோமீட்டர் முள்ளைப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். மகள் மதிப்பெண் பட்டியல் கொண்டு வந்தால் ஜன்னலோரம் எடுத்துப்போய், எண்களை யாராவது சுரண்டியிருக்கிறார்களா என்று தடவிப் பார்ப்பாள். "அம்மா, எழுவத்தி ரெண்டுதான் வாங்கியிருக்கேன். திருத்தறவ இன்னும் கொஞ்சம் நல்லாத் திருத்தியிருக்க மாட்டாளா?" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி என்று அவளுக்கே பட்டது. ஆனாலும் தடவினாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்தச் சந்தேகம் அவளுக்கு நல்லது செய்தது என்று சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கடைவாசலில் ஆள் உயரத்தில் ஒரு இரும்புப் பெட்டியைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். சும்மா பார்வைக்கு என்றார் மேனேஜர். சும்மா பார்வைக்கு எவனாவது மின்சார இணைப்பு கொடுப்பானா? இது நம் கவுண்ட்டரை விழுங்க வந்த பூதம் என்று அன்றே முடிவு கட்டினாள். அடுத்த மாதமே கல்லூரியில் விண்ணப்பம் போட்டாள். கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். இப்போது அந்த இரும்புப் பெட்டியே பொருளை வாங்கிக்கொண்டு ரசீது துப்புகிறது. இந்த மாதக் கடைசியோடு கவுண்ட்டரை மூடுகிறார்கள். சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். அவளுக்கும் நாள் எண்ண வேண்டிய நிலைமைதான். படிப்பு இருக்கிறது, வேலை இல்லை. நாற்பத்தொரு வயதுக்காரியை, அனுபவம் இல்லாதவளை, எந்த ஆய்வகம் கூப்பிட்டு உட்கார வைக்கும்?

அந்தச் சமயத்தில்தான் அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளை ஒட்டினார்கள். மூன்று சனிக்கிழமைகள். அறிவியல் துறைகளில் வேலை பார்ப்பவர்கள் வந்து தங்கள் கதையைச் சொல்வார்கள். அதன்பிறகு செய்முறைப் பயிற்சி. கட்டணம் கிடையாது. மூன்றாவது சனிக்கிழமை முடிவில், ஒரு மாணவரைப் பெரிய பரிசோதனைக்கூடம் ஒன்று ஆறு மாதப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும். பயிற்சிக்காலத்திலும் சம்பளம் உண்டு. அதன்பிறகு வேலையே உண்டு. அவள் அந்தத் தாளை நான்கு தடவை படித்தாள். பின்பக்கம் ஏதாவது சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று ஓரத்தைத் தூக்கியும் பார்த்தாள்.

"கட்டணம் இல்லைன்னா நம்மகிட்டேயிருந்து வேற என்னத்தையோ எடுக்கப்போறாங்க," என்றாள் வீட்டில்.

"உன்கிட்டேயிருந்து எடுக்கறதுக்கு இனிமேதான் ஆள் பொறக்கணும். போயிட்டு வா," என்றார் வீட்டுக்காரர்.

போனாள். போகாமல் இருக்க முடியுமா, அவளுக்குத் தேவை அந்த ஒரு இடம். ஆனால் நோட்டில் பக்கத்தை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் "சொன்னது", மறுபக்கம் "இடிப்பது" என்று தலைப்புப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முதல் சனிக்கிழமை வந்தவர் மண் பரிசோதனைக் கூடத்தில் மேலாளர். பத்தொன்பது வயதில் வேலையில் சேர்ந்தாராம். பதினேழு வருஷ அனுபவமாம். பேச்சுவாக்கில் தனக்கு முப்பத்து மூன்று வயது என்றும் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், இவளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. கேள்வி நேரத்தில் எழுந்து, "சார், பத்தொம்போதும் பதினேழும் முப்பத்தாறு. மூணு வருஷம் எங்க போச்சு?" என்று கேட்டாள். அந்த மனிதர் காது வரைக்கும் சிவந்துபோனார்.

"பதினாறு வயசுல அங்கேயே பாட்டில் கழுவிட்டிருந்தேங்க. அதையும் சேர்த்துத்தான் பதினேழு. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு," என்றார்.

பிள்ளைகள் கைதட்டித் தீர்த்துவிட்டார்கள். கூட்டம் முடிந்ததும் அவரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். இவள் மட்டும், வெட்கமாக இருந்ததென்றால் ஏன் சேர்த்துக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

பயிற்சியை நடத்தியவர் அந்தப் பெரிய பரிசோதனைக்கூடத்தின் விஞ்ஞானி. நாற்பது வயதிருக்கும். ஒட்ட வெட்டிய முடி, சட்டைப்பையில் எப்போதும் இரண்டு நீலப் பேனா. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பேனா மேடம். முதல் நாளே எல்லோரிடமும் இருந்த பென்சில்களை வாங்கி ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டார். பக்க எண் அச்சடித்த, தைத்துக் கட்டிய நோட்டு ஒன்றை ஆளுக்குக் கொடுத்தார்.

"பென்சில் பொய்க்கு வசதி. லேப்ல பேனாதான். தப்பா எழுதினா ஒரு கோடு, ஒரே கோடு. கீழ இருக்கறது படிக்கத் தெரியணும். பக்கத்துல உங்க கையெழுத்து. தாளைக் கிழிக்கக் கூடாது. நீங்க செய்யற ஒவ்வொண்ணும் நேரத்தோட எழுதணும். செஞ்ச உடனே எழுதணும்."

வந்ததிலிருந்து செக்போஸ்ட் அக்காவுக்குப் பிடித்துப்போன முதல் பேச்சு அது. கவுண்ட்டரில் பதினொரு வருஷமாக அவள் செய்ததும் அதுதானே. பொருள் திறந்து பார்க்கப்பட்டது, நேரம், கையெழுத்து. இந்த மேடத்தை வேண்டுமானால் பாதி நம்பலாம் என்று தோன்றியது. மீதிப் பாதியை நிறுத்தி வைத்தாள்.

இரண்டாவது சனிக்கிழமை பிப்பெட் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். துளித்துளியாக, அளவு பிசகாமல் திரவத்தை எடுத்து இன்னொன்றில் விடுகிற வேலை. பிள்ளைகளுக்குக் கை நடுங்கியது, குமிழி விழுந்தது, சிரித்துக்கொண்டார்கள். இவள் வீட்டுக்குப் போய், மகளின் பழைய இருமல் மருந்துச் சொட்டுக்குழாயை எடுத்து, வாரம் முழுக்கத் தண்ணீரை வைத்துப் பழகினாள். சமையல் மேடை நனைந்து கிடந்தது. "ஒரு கிளாஸ் தண்ணி கேட்டா சொட்டுச் சொட்டா எண்ணிக் குடுப்பே போலிருக்கே," என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். கை நின்றது. அவளுக்கே அது ஆச்சரியமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடும் என்று ஒரு பயம்.

ஆனால் மூன்றாவது சனிக்கிழமை நெருங்க நெருங்க வேறொரு பூச்சி மண்டைக்குள் புகுந்துவிட்டது. ஆளை ஏற்கெனவே முடிவு செய்திருப்பார்கள். இதெல்லாம் கண்துடைப்பு. முன்வரிசையில் உட்கார்கிற அந்த சாக்லேட் பெண்ணிடம் பேனா மேடம் இரண்டு தடவை சிரித்துப் பேசினார். பார்த்தாளே! சிரிப்புக்கு அர்த்தம் இல்லாமலா போகும்?

மூன்றாவது சனிக்கிழமை காலை ஆய்வகத்தில் ஆறு மேசைகள், மேசைக்கு இரண்டு பேர். ஜன்னலோரத்து ஆறாவது மேசை இவளுடையது. கூட நிற்க வேண்டிய பையனுக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. ஆகவே மேசையில் இவள் தனி. ஒவ்வொரு மேசையிலும் ஒரு மரத்தாங்கி, அதில் ஆறு சோதனைக் குழாய்கள். குழாய்களுக்குள் சாயத்தண்ணீர். ஒன்றில் கொஞ்சம் கெட்டி, ஒன்றில் நீர்த்தது, இப்படி ஆறு அளவு. கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று குழாய்களை அலுமினியத் தாளால் சுற்றியிருந்தார்கள். பிப்பெட்டில் எடுத்து, அளவாகத் தண்ணீர் கலந்து, நிற மீட்டரில் வைத்துப் படித்து, எந்த எண் குழாயில் எவ்வளவு கெட்டி என்று சொல்ல வேண்டும். சரியான விடை பேனா மேடத்திடம் ஒட்டிய உறைக்குள் இருந்தது.

முப்பத்தாறு குழாய்களையும் தயார் செய்தவர் லேப் அண்ணன். கல்லூரியின் ஆய்வக உதவியாளர், ஐம்பத்தேழு வயது. முதல்வர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். இரண்டு நாள் உட்கார்ந்து கலக்கியிருந்தார். வழவழப்பான அலுமினியத் தாளில் ஸ்டிக்கர் நிற்கவில்லை என்று, எண்களை மூடிகளின் தலையில் ஒட்டியிருந்தார்.

பேனா மேடம் முன்னால் பலகையில் எழுதி விளக்கிக்கொண்டிருந்தார். எல்லோருடைய முதுகும் இவள் பக்கம். இவளுக்குக் கை ஊறியது. ஏன் சுற்றி மறைத்திருக்கிறார்கள்? உள்ளே என்னதான் இருக்கிறது? கடைசி மேசைக்கு வெறும் தண்ணீரை ஊற்றி வைத்திருந்தால்? எல்லாவற்றிலும் ஒரே சாயம் இருந்தால்? முன்வரிசை மேசைக்கு மட்டும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டு, நம்மை மீட்டரோடு மல்லுக்கட்ட விட்டிருந்தால்? பெட்டியைத் திறக்காமல் பொருளை வாங்கியதே கிடையாது பதினொரு வருஷத்தில். ஒவ்வொரு மூடியாகத் திறந்தாள். மூடியின் உள்பக்கம் மேசையில் படக்கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள், ஆகவே எண் அடியில் போகும்படி மல்லாத்தி ஒரு காகிதத் துண்டின் மேல் வரிசையாக வைத்தாள். கைப்பேசி விளக்கை அடித்து ஆறையும் எட்டிப் பார்த்தாள். நிறம் இருந்தது, வேறு வேறாக இருந்தது. மோசடி ஒன்றும் இல்லை. மனசு கொஞ்சம் நிம்மதியானது. கைப்பேசியில் மணி பார்த்து நோட்டில் எழுதினாள். "10.40. ஆறு குழாய்களையும் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் சாயம் இருக்கிறது."

எழுதும்போது முழங்கை காகிதத்தில் பட்டு மூடிகள் நகர்ந்தன. அதே நேரம் முன்னாலிருந்து "சரி, ஆரம்பிங்க" என்று குரல் வந்தது. எல்லோரும் திரும்புகிறார்கள். சடசடவென்று மூடிகளை எடுத்துப் போட்டாள். எடுத்த வரிசையிலேயே போட்டேன் என்றுதான் நினைத்தாள்.

பதினொன்றேகாலுக்கு விடைகளை வாசித்தார்கள். ஐந்து மேசைகளும் ஏறக்குறையச் சரி. ஆறாவது மேசையில் இரண்டும் ஐந்தும் தலைகீழாக வந்தன. பேனா மேடம் நேரே வந்து, தானே பிப்பெட்டை எடுத்து, தானே கலந்து, மீட்டரில் வைத்தார். அதே எண்கள்தான் வந்தன.

"உங்க கை ரொம்ப சுத்தமா இருக்கு. நான் எடுத்ததுக்கும் நீங்க எடுத்ததுக்கும் வித்தியாசமே இல்ல," என்றார் அவளிடம். பிறகு திரும்பி, "அண்ணே, இங்க ரெண்டும் அஞ்சும் மாறியிருக்கு. கலக்கும்போது மாத்திட்டீங்களா?" என்று கேட்டார்.

லேப் அண்ணன் வந்தார். தாங்கியைப் பார்த்தார். தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அப்படிப் பண்ணியிருக்க மாட்டேனே மேடம்," என்று ஆரம்பித்தவர், பாதியில் குரல் இறங்கி, "மாறியிருந்தாலும் மாறியிருக்கும்," என்றார்.

அந்த ஒரு நொடியில் அவள் வாயைத் திறந்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த ஒரு இடமும் கண்முன் வந்து நின்றது. கை சுத்தமாக இருக்கிறது என்று இப்போதுதானே எல்லோர் முன்னாலும் சொன்னார்? மூடி மாறியதென்று யார் கண்டது? ஒருவேளை நிஜமாகவே அவர் மாற்றிக் கலக்கியிருந்தால்? வராத குற்றத்தை நாமே போய் எதற்கு இழுத்துப் போட்டுக்கொள்வது? வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு மேசையில் மாறியிருந்தால் மற்றவற்றையும் நம்ப முடியாது என்றார் பேனா மேடம். ஒருவரைத் தேர்ந்தெடுக்கிற சோதனை, எல்லாருக்கும் மறுபடி நடத்தத்தான் வேண்டும். லேப் அண்ணன் முப்பத்தாறு குழாய்களையும் தொட்டியில் கவிழ்த்தார். இரண்டு நாள் வேலை அடர்நீலமாகவும் வெளிர்நீலமாகவும் ஓடிப் போனது. பிறகு தயாரிப்பு அறைக்குள் போய்ப் புதிதாகக் கலக்க ஆரம்பித்தார். மூலச் சாயம் மிச்சம் இருந்ததால் ஒன்றரை மணி நேரம்தான் ஆகும். பிள்ளைகள் வராந்தாவில் டீ குடித்தார்கள்.

"அண்ணனுக்கு வயசாயிடுச்சு," என்றான் ஒருவன்.

"மேடம் ஆபீசுக்கு எழுதிக் குடுக்கப்போறாங்களாம். அவங்க விதியாம், எது தப்பானாலும் எழுத்துல இருக்கணுமாம். பாவம், இந்த மாசம்தான் அண்ணனோட ஒப்பந்தம் புதுப்பிக்கணும்," என்றாள் சாக்லேட் பெண்.

செக்போஸ்ட் அக்கா ஆய்வகத்தை விட்டு நகரவில்லை. தன் மேசையிலேயே, நோட்டை மூடி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை லேப் அண்ணன் தயாரிப்பு அறை வாசலுக்கு வந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நேரே இவளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போனார். பார்த்துவிட்டார். மூடியைத் திறந்ததை எங்கிருந்தோ பார்த்திருக்கிறார். சமயம் பார்த்துச் சொல்லப்போகிறார். பத்து நிமிஷம் கழித்து மறுபடி வந்தார், அதே பார்வை. சரியான ஆள்தான், நெஞ்சில் கத்தியை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி நிற்கிறார் என்று அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் சொன்னால் பதிலுக்கு என்ன சொல்லலாம் என்று ஒரு வக்கீலின் மும்முரத்தோடு யோசித்தாள். "நான் திறக்கவே இல்ல" என்று சொல்லலாம். மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்று இந்த வார்த்தையைச் சொல்பவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதோடு நோட்டில் வேறு எழுதியாகிவிட்டது, பேனாவால்.

மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு இரண்டாவது சோதனை. இந்தத் தடவை குழாயின் உடம்பிலேயே தாளைக் கிழித்து எண் எழுதியிருந்தார் லேப் அண்ணன். அவளுடைய ஆறும் ஆறுக்கு ஆறு சரி. மற்ற யாருக்கும் அவ்வளவு துல்லியமாக வரவில்லை. பேனா மேடம் அவள் எண்களைப் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். அந்தப் புருவத்துக்கு என்ன அர்த்தம் என்று, வாழ்க்கையில் ஒரு தடவையாவது, அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. இடம் அவளுக்குத்தான்.

எல்லோரும் நோட்டுகளை முன் மேசையில் அடுக்கினார்கள். அவளும் வைத்தாள். பதினொரு நோட்டு, மேடம் எல்லாப் பக்கத்தையுமா படிக்கப்போகிறார்? படிக்க மாட்டார். கடைசிப் பக்கத்தைத்தான் பார்ப்பார். அப்படியே படித்தாலும் திறந்து பார்த்தேன் என்றுதானே இருக்கிறது, மாற்றினேன் என்றா இருக்கிறது?

பேனா மேடம் நோட்டுகளைத் தொடவில்லை. முதலில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். தலை நிமிராமல், "அண்ணே, கலவை மாறினது எப்படின்னு எழுதணும். உங்க வாயால சொல்லிடுங்க," என்றார்.

லேப் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். "என் கவனக்குறைவுன்னு எழுதுங்க மேடம். ரெண்டையும் அஞ்சையும் நான்தான் மாத்திட்டேன்."

பதினொரு வருஷம் கவுண்ட்டரில் உட்கார்ந்தவள், தன் தப்பு என்று யாரும் தானாக வந்து சொல்லிக் கேட்டதில்லை. இப்போது ஒருவர் சொல்கிறார். அதுவும் பொய். பொய்யென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை எப்படிக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது? நல்ல எண்ணத்தில் எழுந்தாள் என்று சொன்னால் அது மிகை. பொய்யை ஏற்றுக்கொள்ள உடம்புக்குப் பழக்கமில்லை, எழுந்துவிட்டாள்.

"அது பொய் மேடம். அவர் மாத்தல. மூடியெல்லாம் நான்தான் திறந்தேன். திரும்பப் போடும்போது மாறிடுச்சு. நோட்டுல இருக்கு."

பேனா மேடம் அடுக்கிலிருந்து அவள் நோட்டை உருவி, பக்கத்தைத் திருப்பினார். படித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார்.

"ஏன் திறந்தீங்க?"

"உள்ள என்ன இருக்குன்னு நம்பிக்கை இல்ல."

சாக்லேட் பெண் களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். பேனா மேடம் சிரிக்கவில்லை. கையிலிருந்த தாளை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். இன்னொரு தாளை எடுத்து, மூடியில் எண் ஒட்டச் சம்மதித்தது தன்னுடைய தவறு என்று இரண்டு வரி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் எல்லோரையும் பார்த்துப் பயிற்சிக்குத் தேர்வானவரின் பெயரைச் சொன்னார். அது சாக்லேட் பெண்.

அறை காலியாகும்வரை செக்போஸ்ட் அக்கா காத்திருந்தாள். பிறகு முன் மேசைக்குப் போனாள். "அந்தப் பக்கத்தாலதானே மேடம்? இல்ல, முன்னாடியே முடிவு பண்ணதா?"

"அந்தப் பக்கத்தாலதான்," என்றார் பேனா மேடம். சுற்றி வளைக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. "முடிவு பண்ணியிருந்தேன். உங்களைத்தான். திறந்து பார்த்ததுகூடப் பரவாயில்ல. ரெண்டும் அஞ்சும் மாறியிருக்குன்னு நான் சொன்னப்பவே நீங்க வாயைத் திறந்திருந்தா, அப்பவும் உங்களைத்தான் எடுத்திருப்பேன். நீங்க சொல்றப்ப மணி ஒண்ணரை. எங்க லேப்ல அந்த ரெண்டேகால் மணி நேரத்துல ரிப்போர்ட் போயிடும். ஒருத்தருக்கு மருந்தை மாத்திக் குடுத்திருப்பாங்க. அதை நான் எப்படித் திரும்ப வாங்குவேன்?"

இடிக்கிற இடம் எங்கேயாவது இருக்கிறதா என்று பழக்கத்தில் தேடினாள். இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் நேராக நின்றது. மாதக் கடைசிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

வெளியே போகிற வழியில் கழுவும் அறை. லேப் அண்ணன் தொட்டி முன்னால் நின்று குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். காலையில் வைத்தது முப்பத்தாறு, மதியம் வைத்தது முப்பத்தாறு. பேசாமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அந்தப் பார்வை உறுத்திக்கொண்டே இருந்தது.

"அண்ணே, நான் மூடியைத் திறந்ததை நீங்க பார்த்தீங்கதானே?"

"இல்லம்மா. நான் உள்ள இருந்தேன்."

"அப்புறம் ஏன் வாசல்ல வந்து நின்னு நின்னு என்னையே பார்த்தீங்க?"

"உங்களையா?" அவர் குழாயை ஓரமாக வைத்தார். "உங்களை எங்கம்மா பார்த்தேன். உங்க பின்னாடி சுவத்துல கடிகாரம் இருக்குல்ல, அதுல ரெண்டு எது, அஞ்சு எதுன்னு தெரியுதான்னு பார்த்துட்டிருந்தேன். போன மாசம் கண்ணுல ஆபரேஷன் ஆச்சு. ஆபீசுல யாருக்கும் தெரியாது. கண்ணு போயிடுச்சுன்னே நினைச்சுட்டேன். திங்கட்கிழமை வந்து, இனிமே என்னால முடியாதுன்னு எழுதிக் குடுத்துடலாம்னு இருந்தேன்."

ஒருவேளை அவளைச் சந்தேகப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த இரண்டேகால் மணி நேரமும் அந்த மனிதர் தன்னைத் தவிர வேறு யாரையும் சந்தேகப்படவில்லை.

லேப் அண்ணன் ஈரக்கையால் ஒரு குழாயைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவர் முகத்தில் காலையிலிருந்து காணாத ஒரு தெளிவு. கோபம் மருந்துக்கும் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருக்கு, இல்லம்மா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு அண்ணே," என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.